ஹில்மார் வீட்டு வாசல்

வடதுருவத்தை ஒட்டிய கடலோர ஊரான ஸ்டைன்விக்கில் பனிப்புயலுக்கு யாரும் பயப்படுவதில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். எல்லோரும் பயப்படுகிறார்கள். பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல் விறகாக அடுக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். செப்டம்பர் பிறந்ததும் ஆரம்பித்துவிடும். சுவர் மறைகிற உயரத்துக்கு விறகு, பீப்பாய் நிறையத் தண்ணீர், மெழுகுவத்தி, பேட்டரி ரேடியோ, உப்பிட்ட மீன், ஊரே மூழ்கும் அளவுக்குக் காப்பித்தூள். ஒரு வாரம் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் பிழைக்கத் தயாராக இருங்கள் என்று அரசாங்கம் ரேடியோவில் சொன்னபோது கடைக்கார இங்வால்ட், "ஒரு வாரமா? அதுக்கு எங்க வீட்டுப் பூனையே தயாரா இருக்கு" என்றார்.

அந்த ஊரின் பனி ஒதுக்கும் வண்டி யோருன் கையில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை, குரலைக் கேட்டால் நாய்கூட ஒதுங்கி நிற்கும். அவளுக்கு முன்னால் அவள் அப்பா அதே வண்டியை ஓட்டினார். வண்டியோடு சேர்த்து ஒரு வழக்கத்தையும் அவளிடம் விட்டுப் போனார்.

புயல் நாட்களில் முதல் சுற்றில் சாலையை மட்டும் ஒதுக்குவாள். இரண்டாவது சுற்றில் வாசல்களைப் பார்த்துக்கொண்டே போவாள். கதவிலிருந்து சாலைவரை வழி வெட்டியிருந்தால் உள்ளே ஆள் எழுந்து நடமாடுகிறது என்று அர்த்தம். வெட்டாமல் கிடந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, இடுப்பளவு பனியில் நீந்திப் போய்க் கதவைத் தட்டுவாள். பெரும்பாலும் உள்ளே இருப்பவர் போதையில் தூங்கிக்கொண்டிருப்பார், எழுந்து வந்து திட்டுவார். இரண்டு மூன்று முறை உயிரையே காப்பாற்றியிருக்கிறாள்.

எதைப் பார்த்து இறங்குகிறாள் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் கண்டிப்பு அது. சொன்னால் சோம்பேறிகள் வழி வெட்டாமலே காத்திருப்பார்கள், அவள் வந்து வெட்டட்டும் என்று. ரோஷக்காரர்கள் காய்ச்சலோடு எழுந்து வந்து வெட்டுவார்கள், யாரும் தட்டிவிடக் கூடாதே என்று. அதனால் யோருனுக்கு ஏதோ மோப்பம் இருக்கிறது என்றே ஊர் நம்பியது. அவள் உள்ளே வந்தால் காப்பியைக் காலி செய்யாமல் போகமாட்டாள், அதற்குப் பயந்தாவது செத்துத் தொலையாமல் இருங்கள் என்று இங்வால்ட் கடையில் கேலி செய்வார்.

அவள் பாதையின் கடைசி இரண்டு வீடுகள் அண்ணன் தம்பி வீடுகள். அண்ணன் ஹில்மார், தம்பி எத்வின். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவரும் மனைவியை இழந்தவர்கள். பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. காரணம் பனிதான். ஒரு குளிர்காலத்தில் ஹில்மார் தன் வாசல் பனியை யோசிக்காமல் தம்பியின் படகுக் கொட்டகைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். மார்ச் மாதம் பாரம் தாங்காமல் கூரை இறங்கியது. எத்வின் தன் கையால் கட்டிய படகு அதன் அடியில் நொறுங்கிப் போனது. அதோடு விட்டிருந்தால் ஒரு வருடத்தில் ஆறியிருக்கும். எத்வின் கடையில் நின்று, ஊரே கேட்க, "உன்கூட வாழறதுக்குச் செத்துப் போறதே மேல்னு உன் பொண்டாட்டிக்குச் சீக்கிரமே புரிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அண்ணி இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஹில்மாரின் மகள் விக்டிஸ் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சொன்ன மறுநிமிடமே அந்த வார்த்தையை விழுங்கிவிட எத்வின் துடித்திருப்பார். ஆனால் அந்த ஊர் ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்பதைவிட ஜனவரிக் கடலில் குளிப்பது எளிது.

அந்த ஜனவரியில் வந்த புயல், ரேடியோவில் சொன்னதைவிடப் பெரிதாக வந்தது. நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பாத காலம். புயல் தொடங்கிய இரவே மின்சாரம் போயிற்று, பிறகு கைபேசிக் கோபுரமும் விழுந்தது. மலைச்சாலையை மூடிவிட்டார்கள். காற்று கடலிலிருந்து வந்து வீடுகளை உலுக்கியது. மூன்று நாள் ஊர் இருட்டில் கிடந்தது. ஒரு வீட்டின் வெளிச்சம் இன்னொரு வீட்டுக்குத் தெரியவில்லை, புகைக்கூண்டில் புகை வருகிறதா என்றும் தெரியவில்லை. யோருனின் வண்டி விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த வாசல்கள்தான் அவளுக்கு இருந்த ஒரே துப்பு.

முதல் நாள் காலையில் கிளம்பும்போதே அவள் மனதில் ஹில்மார்தான் இருந்தார். இலையுதிர் காலத்தில் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கைத்தடியோடு நடப்பவர். அவர் வாசலில் இறங்கவேண்டியிருக்கும் என்று பனியை அள்ளும் பனிவாரியை வண்டிக் கதவருகிலேயே தயாராக வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் வழி வெட்டியிருந்தது. கதவிலிருந்து சாலைவரை, இரண்டு ஓரமும் வெண்ணெய்க் கட்டியை அறுத்ததுபோல நேராக. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கிழவர் பிழைத்துக்கொண்டார், புது இடுப்பு வேலை செய்கிறது என்று சிரித்துக்கொண்டே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

மறுநாளும் வழி வெட்டியிருந்தது. மூன்றாம் நாளும். மூன்றாம் நாள் அவளுக்கு லேசாக ஏதோ உறுத்தியது. தடி ஊன்றுகிற மனிதன் இவ்வளவு நேராகவா வெட்டுவான்? ஆனால் அவள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, இன்னும் பாதி ஊர் பாக்கி இருந்தது. வழி வெட்டியிருந்தால் ஆள் நலம். அப்பா சொன்னது அதுதான். அவள் போய்விட்டாள்.

நான்காம் நாள் காற்று இறங்கியது, கோபுரம் உயிர் பெற்றது. முதலில் வந்த அழைப்புகளில் ஒன்று துரோம்சோ நகரத்திலிருந்து. விக்டிஸ். அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை, கொஞ்சம் எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நேற்றுக்கூட வாசல் வெட்டியிருந்தார், நன்றாக இருப்பார், போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் யோருன் வாயைத் திறந்தாள். அவசரத்தில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்பது மட்டுமே வாயில் வந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே வெளியைவிடக் குளிர். ஹில்மார் சமையலறைத் தரையில், அடுப்பருகே, இரவு உடையோடு கிடந்தார். தரைவிரிப்பை எப்படியோ இழுத்துத் தன்மேல் போர்த்தியிருந்தார். கைத்தடி எட்டாத தூரத்தில் கிடந்தது. ஜன்னல் திரைகள் காற்று புகாமல் துணிக் கிளிப்புகளால் இறுக்கி மூடியிருந்தன. புயல் தொடங்கிய இரவு மூடியது, பிறகு யாரும் திறக்கவில்லை. அடுப்பில் சாம்பல் கல்லாகியிருந்தது. அவர் வலது கைக்குள் ஒரு பாத்திர மூடி. அடுப்பின் இரும்புக் காலில் புதிதாகக் கீறல்கள், மூடியின் விளிம்பில் நசுங்கல்கள். ஒன்றிரண்டு அல்ல, விளிம்பு முழுக்க.

தட்டியிருக்கிறார். யாராவது கேட்பார்கள் என்று விடாமல் தட்டியிருக்கிறார். யோருன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் அடித்த ஹாரனை அவர் கேட்டிருப்பாரோ?

மருத்துவருக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எத்வின் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் பனிவாரி. அண்ணன் வீட்டு எல்லைக்குள் வந்தும் வராமலும், ஒரு காலை உள்ளே வைத்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பனிவாரியை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எப்போ?" என்றார்.

யோருன் பதில் சொல்வதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். பதினோரு வருடம் அண்ணனிடம் பேசாதவர் அடைப்பு உடைந்ததுபோலப் பேசினார்.

"மூணு நாளும் நான்தான் வழி வெட்டினேன். அவனுக்கு இடுப்பு சரியில்ல, தெரியுமில்ல? பகல்ல வந்தா ஜன்னல் வழியா திட்டுவான். அதான் ஊர் முழிக்கறதுக்குள்ள, தலையை மூடிக்கிட்டு, திருடன் மாதிரி வந்து வெட்டிட்டுப் போனேன். முதல் நாள் வெட்டிட்டு என்ன பண்ணுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அத்தனையும் வாரி என் பக்கம் திருப்பிப் போடுவான்னு நெனச்சேன். போடல. விட்டுட்டான். ரெண்டாம் நாளும் விட்டுட்டான்." மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னதை அவன் மன்னிச்சிட்டான்னுதானே அர்த்தம், யோருன்? புயல் நின்னதும் காப்பிக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன். வாஃபிள் சுடறதுக்கு மாவுகூடக் கரைச்சு வெச்சிருக்கேன்."

யோருனுக்கு அந்த நேரத்தில்தான் எல்லாம் ஒன்று சேர்ந்து விளங்கியது. இவர் வெட்டியதால் அவள் இறங்கவில்லை. முதல் நாள் காலையில் இந்த வாசல் பனி மூடிக் கிடந்திருந்தால் அவள் கதவைத் தட்டியிருப்பாள், ஹில்மாரைத் தூக்கி உட்காரவைத்திருப்பாள், இந்நேரம் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சூப் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார். உள்ளே அண்ணன் மூடியால் தட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே காற்றிரைச்சலில், தலையை மூடிக்கொண்டு, தம்பி பத்தடி தூரத்தில் பனி வாரிக்கொண்டிருந்தார்.

"பார்த்திருப்பான், இல்ல?" என்றார் எத்வின். "நான் வெட்டினதை?"

"பார்த்திருக்கார்" என்றாள் யோருன். "ஜன்னல் திரை விலகியிருக்கு."

அண்ணனைப் பார்க்க உள்ளே வரட்டுமா என்று அவர் கேட்டார். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் திரும்ப உள்ளே போனாள். ஹில்மாரின் விரல்களிலிருந்து அந்த மூடியை மெல்ல விடுவித்து எடுத்தாள். சுலபமாக வரவில்லை. அதை அலமாரியில் மற்றப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தாள். ஜன்னலின் கிளிப்புகளை எடுத்துத் திரையை விலக்கினாள். அதன்பிறகுதான் எத்வினைக் கூப்பிட்டாள்.

தான் செய்வது சரியா தவறா என்று அவள் யோசிக்கவில்லை. அவளுடைய அம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். படகில் அவர் கவனக்குறைவால் மகன் இறந்துபோனான். உன்மேல் தப்பில்லை என்று ஊரே அவரிடம் சொன்னது. இப்படி ஒரு சூரியனில்லாத ஜனவரியில் அவர் படகுத்துறைக்கு நடந்துபோனார், திரும்பி வரவில்லை. தன் கையாலேயே ஒரு சாவு நடந்தது என்று தெரிந்த மனிதனை இந்த இருட்டில் தனியாக விட முடியாது. யோருனுக்கு அதுமட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து விக்டிஸ் வந்தாள். நேராக யோருனின் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மருத்துவர் அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். புயல் தொடங்கிய இரவே விழுந்திருக்கிறார், இடுப்பு முறிந்திருக்கிறது, இரண்டாம் நாள் மாலைவரையாவது உயிர் இருந்திருக்கும். யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்.

"நீங்க தினமும் அந்தப் பக்கம் போனீங்க" என்றாள் விக்டிஸ். குரலை உயர்த்தவில்லை. "ஏதாவது சரியில்லன்னா நீங்க இறங்கிப் பார்ப்பீங்கன்னு அப்பா எப்பவும் சொல்வார். யோருன் இருக்கா, நீ கவலைப்படாதேன்னு சொல்வார். அதை நம்பித்தான் அவரைத் தனியா விட்டுட்டு நான் அங்க உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க வாசலைப் பார்த்தீங்களா, இல்லையா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பார்த்தேன், மூன்று நாளும் பார்த்தேன், வாசல் சுத்தமாக இருந்தது, உன் சித்தப்பா வெட்டியிருந்தார். சொன்னால் யோருன் தப்பித்துவிடுவாள். இந்தப் பெண் எழுந்து நேராக எத்வின் வீட்டுக்குப் போவாள். கடையில் ரொட்டியோடு நின்று அம்மாவைப்பற்றிய அந்த வார்த்தையைக் கேட்டவள். அம்மாவைச் சொல்லால் அடித்தாய், அப்பாவைப் பனிவாரியால் கொன்றாய் என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் விடமாட்டாள். அவளிடம் ரகசியம் காக்கச் சொல்வதும் நடக்காத காரியம். அப்படிப்பட்ட இடத்தில் தான் இருந்தால் தானும் காக்கமாட்டோம் என்று யோருனுக்குத் தோன்றியது.

"பார்க்கல" என்றாள். "தூக்கமில்ல, களைப்பு. கடைசி வீடுகளாச்சேன்னு திரும்பிட்டேன்."

விக்டிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிறகு, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றாள். அந்த நன்றிதான் யோருனுக்குத் தாங்கவில்லை. விக்டிஸ் போனபின் அடுப்பில் வைத்த காப்பித் தண்ணீர் கொதித்து வற்றும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குள் விஷயம் பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. யாரும் அவளை நேரில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்கமாட்டார்கள். கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. இங்வால்ட் சாமான்களை எடுத்துக் கொடுத்தார், கேலி ஒன்றும் செய்யவில்லை. அவர் கேலியை இவ்வளவு எதிர்பார்த்திருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு வண்டி ஓட்டப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைப் பார்த்திருப்பதாக நகராட்சியிலிருந்து தொலைபேசியில் மரியாதையாகச் சொன்னார்கள். நல்லது என்றாள்.

உண்மையில் அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று சில சமயம் அவளுக்கே தோன்றியது. மூன்றாம் நாள் உறுத்தியதே, ஏன் இறங்கவில்லை? மூன்றாம் நாள் இறங்கியிருந்தாலும் பயனில்லை என்று கணக்கு சொன்னது. மனசு கேட்கவில்லை.

அடக்கத்தன்று காலையில் தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம்வரை பாதையை அவள்தான் ஒதுக்கிக் கொடுத்தாள். வேறு ஆள் இல்லை. சடங்கு நடந்தபோது உள்ளே போகாமல் வண்டிக்குள்ளேயே இருந்தாள். எல்லோரும் காப்பிக்குச் சமூகக் கூடத்துக்குப் போனார்கள். விக்டிஸ் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. எத்வின் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து வண்டியை நோக்கி வந்தார். நல்ல கோட்டும் கறுப்புத் தொப்பியும் அணிந்திருந்தார். யோருன் கதவைத் திறந்து இறங்கி நின்றாள்.

ரெண்டு நாள் உயிரோடு கிடந்தானாமே என்றார் அவர். நீ வாசலைப் பார்க்கவே இல்லையாமே என்றார். அவள் தலையாட்டினாள்.  

"வழி வெட்டியிருந்துச்சே, யோருன். நான் வெட்டி வெச்சிருந்தேனே. ஒரு பொட்டுப் பனி இல்லாம, கதவு வரைக்கும். நீ வண்டியை விட்டு இறங்கிப் பத்தடி நடந்திருந்தா போதும். உன் பூட்ஸ்கூட நனஞ்சிருக்காது. அதுகூடவா முடியல உனக்கு?"

வழி இருந்ததால்தான் இறங்கவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் அதைச் சொல்லவில்லை. வயதான, நனைந்த அந்தக் கண்களைப் பார்த்தாள். தன்மேல் அவருக்கு வந்த கோபம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்தாள். அதில் அவருக்குத் தன்னைப்பற்றிய சந்தேகம் ஒரு துளியும் இல்லை.

"முடியல" என்றாள். "தப்பு என்னோடதுதான்."

"உன் தப்புதான்" என்றார் எத்வின். "நான் அவனோட சேர்ந்துட்டேன். நாங்க சேர்ந்து மூணு நாள்கூட ஆகல, நீ கெடுத்துட்டே. இனிமே என் வாசல்ல உன் வண்டி நிக்கக் கூடாது. செத்தாலும் நீ வந்து தட்டக் கூடாது."

சரி என்றாள். அவர் திரும்பி நடந்தார். கூடத்துக்குப் போகவில்லை. பாதை கீழே இறங்கிப் படகுத்துறைக்கும் வீடுகளுக்குமாகப் பிரிகிற இடத்தை நோக்கிப் போனார். யோருன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த இடத்தில் அவர் நிற்கக்கூட இல்லை. கையை ஆட்டி, தனக்குத்தானே அவளைத் திட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி வேகமாக ஏறிப் போனார். சற்று நேரத்தில் அவர் சமையலறையில் விளக்கு எரிந்தது.

யோருன் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த விளக்கைப் பார்த்தபடியே வாய்விட்டு அழுதாள்.